சந்தை உடன் வருவதில்லை

சேலம், நாமக்கல் சமவெளியிலிருந்து சென்னைக்கோ பெங்களூருக்கோ குடிபெயரும் குடும்பம் வீடு, பள்ளிக்கூடம், மருத்துவமனை எல்லாவற்றையும் சில மாதங்களில் அமைத்துக்கொள்கிறது. காய்கறி வாங்கிய பழைய இடத்துக்கு ஈடான ஒன்று மட்டும் எளிதில் அமைவதில்லை. கால் நூற்றாண்டாக இந்த வட்டாரத்து நகரக் குடும்பங்கள் பலவற்றின் அடுப்படிக்குச் சரக்கு தந்துவருவது உழவர் சந்தை. ஊருக்கு ஊர் ஒரே பெயர், ஒரே நடைமுறை, ஒரே வகை விலைப்பலகை என்று ஒரு தொடர்கடைக்குரிய அடையாளம் எல்லாம் அதற்கு உண்டு. அதை நடத்துவது அரசு என்பதே வேறுபாடு. ஊரை விட்டுப் போனவர்கள் அதைத் தேடுவதைப் பழக்கதோஷம் என்று தள்ளிவிடக் கூடாது. நிலம், விலை, நம்பிக்கை, தூரம் ஆகிய நான்கும் சேர்ந்துதான் ஒரு சந்தையை உருவாக்குகின்றன. ஊர் மாறும்போது இந்த நான்கும் ஒரே நாளில் கைவிட்டுப் போகின்றன.

தொடர் பிறந்த விதம்

விளைவித்தவரே இடைத்தரகர் இல்லாமல் விற்கும் சந்தையை அரசே அமைத்துத் தரும் முயற்சி பஞ்சாபில் 1987இல் 'அப்னி மண்டி' என்ற பெயரில் நடைமுறைக்கு வந்தது. ஆந்திரப் பிரதேசத்தில் 1999 ஜனவரியில் 'ரைத்து பஜார்' தொடங்கியது. அதே ஆண்டு நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையை அன்றைய முதல்வர் மு. கருணாநிதி திறந்துவைத்தார். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் சுமார் 100 சந்தைகள் எழுந்தன. 2001இல் ஆட்சி மாறியபின் திட்டம் கவனிப்பு இழந்தது. 2006க்குப் பிறகு மீண்டும் உயிர்பெற்றது. இப்போது தமிழ்நாட்டில் 180க்கு மேற்பட்ட உழவர் சந்தைகள் உள்ளன.

சேலம் மாநகரில் சூரமங்கலம், அம்மாபேட்டை, தாதகாப்பட்டி, அஸ்தம்பட்டி ஆகிய பகுதிகளில் இவை இயங்குகின்றன. மாவட்டத்தின் மற்றப் பகுதிகளில் ஆத்தூர், மேட்டூர், எடப்பாடி, இளம்பிள்ளை, ஜலகண்டாபுரம், தம்மம்பட்டி போன்ற ஊர்களுக்கும் சந்தை உண்டு. 1997 ஜனவரி 1 அன்று சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான நாமக்கல்லில் மாவட்டத் தலைநகர், இராசிபுரம், திருச்செங்கோடு, குமாரபாளையம், பரமத்திவேலூர் ஆகிய ஊர்களில் இருக்கின்றன. ஆகவே இந்தச் சமவெளிக்குள் வேலை மாற்றலாகிப் போகும் குடும்பத்துக்குச் சந்தை தொலைவதில்லை. ஆத்தூரிலிருந்து திருச்செங்கோட்டுக்கு வீடு மாற்றினால், அங்கும் விடியற்காலையில் அதே பெயர்ப்பலகையின் கீழ் பையை விரிக்கலாம். மாவட்டங்களைத் தாண்டிப் பெருநகரத்துக்குப் போகும்போதுதான் இழை அறுகிறது.

நிலம் தரும் சரக்கு

ஒரு சந்தையின் குணத்தை முதலில் தீர்மானிப்பது அதைச் சுற்றியுள்ள நிலம். சேலத்தின் வடக்கே சேர்வராயன் மலை, கிழக்கே கல்வராயன் மலைத்தொடர், நாமக்கல்லுக்கு வடகிழக்கே கொல்லிமலை, மேற்கு எல்லையில் காவிரி. இவற்றுக்கு நடுவே மானாவாரி நிலமும் கிணற்றுப் பாசன நிலமும் மாறிமாறிக் கிடக்கின்றன. சில மணி நேரப் பயணத்துக்குள் மலைச்சரக்கும் ஆற்றங்கரைச் சரக்கும் செம்மண் காட்டுச் சரக்கும் ஒரே கூரையின் கீழ் வந்துசேர்வது இந்த அமைப்பால்தான்.

கொல்லிமலைக்கு ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகளின் வழியாக மிளகு, அன்னாசி, பலா, மலைவாழை ஆகியவை கீழே இறங்குகின்றன. மலைமேல் சோளக்காட்டில் கூடும் சந்தை அந்தச் சரக்கின் முதல் நிறுத்தம். பரமத்திவேலூர், ஜேடர்பாளையம், மோகனூர் வட்டாரத்தில் காவிரியிலிருந்து பிரியும் ராஜவாய்க்கால் பாசனம் வாழைக்கும் வெற்றிலைக்கும் கரும்புக்கும் நீர் கொடுக்கிறது. பூவன், ரஸ்தாளி, பச்சை நாடன், கற்பூரவல்லி, மொந்தன் என்று வாழைத்தார்கள் வகைவகையாகப் பரமத்திவேலூர் ஏலத்துக்கு வருகின்றன. அதே வட்டாரத்துக் கரும்பு ஆலைக் கொட்டகைகளில் காய்ச்சப்பட்டு உருண்டை வெல்லமாகவும் அச்சு வெல்லமாகவும் பிலிக்கல்பாளையம் ஏலச் சந்தைக்குப் போகிறது. சேலம் பக்கத்து வெல்லத்துக்குச் செவ்வாய்ப்பேட்டை மண்டி இருக்கிறது. பருப்பு, மிளகாய், புளி, எண்ணெய் போன்ற பலசரக்கின் மொத்த வியாபாரம் செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் நடக்கிறது. வட்டாரத்து மளிகைக் கடைகள் பலவற்றுக்கு ஊற்று அதுவே.

மானாவாரிக் காட்டில் விளையும் மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி தயாரிக்கும் தொழில் 1940களில் சேலத்தில் வேரூன்றியது. இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்துகொண்டிருந்த மாவுப் பொருள்கள் நின்றுபோனதே அதற்குத் தூண்டுதல். அந்தத் தொழிலின் விற்பனைக் கூட்டுறவான 'சேகோசர்வ்' 1981இல் அமைந்தது. ஜவ்வரிசி நாடு முழுவதும் போகிறது. பச்சை மரவள்ளிக் கிழங்கு அப்படிப் போக முடியாது. தோண்டிய ஓரிரு நாளில் உள்ளே கறுக்கத் தொடங்கிவிடும். அவித்துத் தாளிக்கும் பக்குவத்தில் உள்ள கிழங்கு கிடைப்பது காட்டுக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும்தான். மாம்பழத்திலும் இதே நிலை. மல்கோவாவும் இமாம்பசந்தும் பெட்டியில் ஏறிச் சென்னை வரை போகின்றன. தோல் மெலிந்த, சாறு மிகுந்த நாட்டு வகைகள் சேலத்துத் தெருக்களைத் தாண்டுவது அரிது.

கீரை இன்னும் குறுகிய வட்டத்துக்குள் நிற்பது. பண்ணைக்கீரை, தொய்யக்கீரை போன்றவை விதைத்து வளர்ப்பவை அல்ல. மழைக்குப் பின் காட்டில் தானாக முளைப்பவை. அவற்றைப் பறித்துவந்து கூறு கட்டி விற்பவர் அந்த ஊர்க்காரராகத்தான் இருக்க முடியும். களிக்கும் கடைசலுக்கும் வேண்டிய கீரையைப் பெருநகரத்துக் கடையின் குளிர்பெட்டியில் தேடிப் பயனில்லை.

விலை எழுதும் முறை

உழவர் சந்தையில் விற்பதற்கு உழவர் அடையாள அட்டை வேண்டும். நிலம் இருக்கிறதா, என்ன பயிர் நிற்கிறது என்பதை அலுவலர்கள் சரிபார்த்தபின் புகைப்படத்துடன் அட்டை தரப்படுகிறது. கடைக்கு வாடகை கிடையாது. எடைத்தராசைச் சந்தை நிர்வாகமே தருகிறது. ஒவ்வொரு நாளும் விடியற்காலையில் மொத்த விலையையும் வெளிச் சில்லறை விலையையும் கேட்டறிந்து, அலுவலரும் உழவர் பிரதிநிதிகளும் அன்றைய விலையை முடிவுசெய்கிறார்கள். மொத்த விலையைவிடச் சுமார் 20 விழுக்காடு கூடுதலாகவும், வெளிச் சில்லறை விலையைவிடச் சுமார் 15 விழுக்காடு குறைவாகவும் அது அமைய வேண்டும் என்பது பின்பற்றப்படும் அளவுகோல். முடிவான விலை பலகையில் எழுதப்படுகிறது.

இந்த ஏற்பாட்டில் இரு தரப்புக்கும் லாபம் உண்டு. மண்டியில் கமிஷனும் சுமைக்கூலியும் போக மிச்சத்தை வாங்கிய உழவர், இங்கே முழுத் தொகையையும் கையில் வாங்குகிறார். வாங்குபவருக்கு வெளிக்கடையைவிடக் குறைந்த விலையில், முந்தின நாள் மாலையோ அன்று காலையிலோ பறித்த காய் கிடைக்கிறது. பேரம் பேசத் தெரியாதவரும், முதல்முறை வருபவரும், முதியவரும் பலகையில் உள்ள அதே விலைக்கே வாங்கலாம். அமாவாசை நாளிலும் புரட்டாசி மாதத்திலும் கூட்டம் பெருகும்போது விலை எகிறாமல் தடுப்பதும் இந்தப் பலகையே. இத்தனை ஆண்டுகளாக இந்தச் சந்தை மக்களிடம் பெற்றுள்ள மதிப்புக்கு அடிப்படை, விலை எல்லார் கண்முன்னும் எழுதப்படுகிறது என்ற நேர்மை.

முகம் தெரிந்த வியாபாரம்

விலைக்கு அடுத்தது நம்பிக்கை. தொடர்ந்து ஒரே சந்தைக்குப் போகும் வாடிக்கையாளர், யாருடைய கத்தரிக்காய் கசக்காது, யார் வாழையைக் கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பதில்லை, யார் வெண்டையை அதிகாலையில் பறிக்கிறார் என்பதையெல்லாம் பல ஆண்டுப் பழக்கத்தில் தெரிந்துவைத்திருக்கிறார். விற்பவருக்கும் வாங்குபவரைத் தெரியும். வீட்டில் விசேஷம் என்றால் வாழையிலைக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். எது இளசு, எது நாளைக்குத் தாங்கும், எதை இன்றே சமைக்க வேண்டும் என்ற ஆலோசனை கொசுறாக விழும் கறிவேப்பிலை போல விலையில்லாமல் கிடைக்கிறது.

மளிகைக் கடையிலும் இதே உறவு உண்டு. சேலம், இராசிபுரம், திருச்செங்கோடு போன்ற ஊர்களில் மாதக் கணக்கு நோட்டு இன்னும் பல வீடுகளில் புழங்குகிறது. மாதத் தொடக்கத்தில் சீட்டு கொடுத்தால் சாமான் வீட்டுக்கு வரும். சம்பளம் வந்தபின் கணக்குத் தீர்க்கலாம். தறித் தொழிலாளி, லாரி ஓட்டுநர், கோழிப்பண்ணை வேலையாள் என்று வாரக்கூலியிலும் நடைக்கூலியிலும் வாழும் குடும்பங்களுக்கு இந்தக் கடன் பெரும் ஆதரவு. ஊர் மாறும்போது நோட்டு முடிக்கப்படுகிறது. புதிய ஊரில் அந்த நம்பகத்தை முதலிலிருந்து ஈட்ட வேண்டும். பெரிய தொடர்கடைகளில் ஈட்டவே முடியாது, அங்கே கல்லாவில் இருப்பவர் மாறிக்கொண்டே இருப்பார்.

பெருநகரத்தின் தூரம்

சேலத்திலிருந்து பெங்களூரு சுமார் 200 கிலோமீட்டர், சென்னை சுமார் 340 கிலோமீட்டர். சென்னைக்கு உள்ளே விளைநிலம் இல்லை. விளைவித்தவரே கொண்டுவந்து விற்க வேண்டும் என்ற விதி அங்கே பொருந்துவது கடினம். உழவர் சந்தைகள் பல்லாவரம், அம்பத்தூர் போன்ற புறநகர்களோடு நிற்கின்றன. நகரத்தின் பெரும்பங்குத் தேவையை 1996இல் திறக்கப்பட்ட கோயம்பேடு மொத்தச் சந்தை நிறைவேற்றுகிறது. அங்கே வரும் காய் தமிழக மாவட்டங்களிலிருந்தும் கர்நாடகம், ஆந்திரம், மகாராஷ்டிரத்திலிருந்தும் லாரியில் ஏறி, இரவு இறங்கி, தரகர் கை மாறி, தெருக்கடையை அடைகிறது. நீண்ட பயணத்தைத் தாங்கும் கெட்டித் தோல் தக்காளி அந்த வழியில் பிழைக்கிறது. தொட்டால் குழையும் நாட்டுத் தக்காளி பிழைப்பதில்லை. ஆகவே சுவையில் தெரியும் வேறுபாடு மனப்பிரமை அல்ல. வழியே சரக்கைத் தேர்ந்தெடுக்கிறது.

பெங்களூருக்குப் போனவர்களுக்கு ஓரளவு ஆறுதல் உண்டு. தோட்டக்கலை அறிஞர் எம். எச். மரிகவுடாவின் முயற்சியால் 1959இல் திராட்சை விவசாயிகளின் கூட்டுறவாகத் தொடங்கி, பின்னர் எல்லாக் காய்கனிக்கும் விரிந்த 'ஹாப்காம்ஸ்' கடைகள் அந்த நகரத்தின் பல பகுதிகளில் இருக்கின்றன. உறுப்பினர்களான விவசாயிகளிடம் வாங்கி, விலையை எழுதிவைத்து விற்கும் முறை உழவர் சந்தைக்கு நெருங்கியது. விற்பவர் அங்கே விளைவித்தவர் அல்ல, கூட்டுறவின் ஊழியர். ஆயினும் சேலத்திலிருந்து போன குடும்பம் பெங்களூரில் தனக்குப் பழக்கமான நேர்மையைத் தேடினால் முதலில் நுழைய வேண்டிய கடை அதுவே.

நாக்கும் செலவும்

குடிபெயர்ந்தவர்களின் இந்த ஏக்கத்தைப் பொருளியல் ஆய்வாளர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறிய குடும்பங்களின் கொள்முதலை ஆராய்ந்து பிரானன்பெர்க், டியூபே, ஜென்ட்ஸ்கோ ஆகிய மூவரும் 2012இல் வெளியிட்ட கட்டுரை முக்கியமானது. பழைய ஊருக்கும் புதிய ஊருக்கும் இடையே பிராண்டு விருப்பத்தில் உள்ள வேறுபாட்டில் சுமார் 60 விழுக்காடு, ஊர் மாறியவுடனே மறைந்துவிடுகிறது. கடையில் எது கிடைக்கிறதோ அதை வாங்கியாக வேண்டும் என்பதே காரணம். மீதி 40 விழுக்காடு பிடிவாதமாக நிற்கிறது. அதில் பாதி கரைவதற்கே 20 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

இந்தியாவைப் பற்றி டேவிட் அட்கின் 2016இல் வெளியிட்ட ஆய்வு, இந்த ஏக்கத்துக்கு ஏழைகள் கொடுக்கும் விலையைக் காட்டியது. ஒரு வட்டாரத்தில் எது எளிதாக விளைகிறதோ அது அங்கே மலிவு. மலிவானது தலைமுறை தலைமுறையாக உண்ணப்பட்டு நாக்கில் பதிகிறது. வேறு மாநிலத்துக்குப் போனவர் அதே உணவைத் தேடும்போது, அங்கே அது விலை கூடியது. இதனால் மாநிலம் மாறிய குடும்பங்கள் உணவுக்குச் செலவிடும் ஒவ்வொரு ரூபாய்க்கும் அக்கம்பக்கத்தாரைவிடக் குறைந்த கலோரியே பெறுகின்றன. நாமக்கல் பக்கம் வீட்டுக்கு வீடு கிலோக் கணக்கில் வாங்கும் சின்ன வெங்காயம் வடமாநில நகரம் ஒன்றில் அரிய பொருளாகிவிடுவதை நினைத்தால் இந்த முடிவு நன்றாக விளங்கும். சாம்பாருக்குச் சின்ன வெங்காயமே வேண்டும் என்பதில் தவறில்லை. அந்தச் சிறு விருப்பம் மாதச் சம்பளத்தில் எவ்வளவு கடிக்கிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

தனியார் தொடர்களின் எல்லை

மேற்கு மாவட்டங்களில் தனியார் தொடர்கடைகளும் மக்களின் பிரியத்தைப் பெற்றவை. 1905இல் நீலகிரியில் பால்பொருள் வணிகமாகத் தொடங்கிய நீல்கிரீஸ், 1936இல் பெங்களூரு பிரிகேட் சாலைக்குப் போய், பின்னர் தென்னிந்திய நகரங்களில் பரவியது. கோவையில் 1960களில் பழக்கடையாகத் தொடங்கிய பழமுதிர் நிலையம் இன்று பெருநகரங்களிலும் கிளை வைத்திருக்கிறது. கோவையை மையமாகக் கொண்ட கண்ணன் டிபார்ட்மென்டல் ஸ்டோர் மேற்கு மாவட்டங்களோடு பிணைந்த பெயர்.

இத்தகைய கடைகள் பெரும்பாலும் ஒரு வட்டாரத்துக்குள் செழிப்பதற்குக் காரணம் உண்டு. பச்சைச் சரக்கை நாள்தோறும் கொண்டுசேர்க்கும் கிடங்கு ஒன்றிலிருந்து வண்டி எவ்வளவு தூரம் போய்வர முடியுமோ, அந்த வட்டத்துக்குள் கிளைகள் நெருக்கமாக இருந்தால்தான் செலவு கட்டுப்படும். அந்த எல்லையை மறந்து வேகமாக விரிந்ததன் விளைவைச் சுபிக்ஷா காட்டியது. 1997இல் சென்னையில் தொடங்கி, மலிவு விலைக்குப் பெயர் பெற்று, நாடு முழுவதும் சுமார் 1,600 கடைகளாகப் பெருகிய அந்தத் தொடர், கடன் நெருக்கடியில் 2009இல் முடங்கியது. ஊர் மாறாத வாடிக்கையாளர்களும் ஒரே பருவத்தில் தங்கள் கடையை இழந்தார்கள்.

உடன் வருபவை

எல்லாமே ஊரோடு நின்றுவிடுவதில்லை. ஆவின் பால் தமிழகத்தின் எந்த மாவட்டத்துக்குப் போனாலும் கிடைக்கிறது. 2020 அக்டோபரில் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த 'ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு' திட்டத்தால், சேலத்து அட்டையைக் கொண்டு சென்னை நியாய விலைக் கடையிலும் பொருள் வாங்கலாம். மாநில எல்லையைத் தாண்டினால் இந்த உரிமை சுருங்குகிறது: கிலோ 30 ரூபாய்த் துவரம்பருப்பும் லிட்டர் 25 ரூபாய்ப் பாமாயிலும் தமிழ்நாட்டு அரசின் தனிச் சலுகைகள், அவை ஓசூரைத் தாண்டி வருவதில்லை.

சமவெளியின் தொழிலாளர்கள் ஊர்ச் சரக்கை உடன் கொண்டுபோகத் தாங்களே ஒரு வழி கண்டிருக்கிறார்கள். நாமக்கல் லாரிகளும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளும் நாட்டின் பல மாநிலங்களுக்கும் போகின்றன. மாதக்கணக்கில் மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் ஆழ்துளைக் கிணறு போடும் குழுவுடன் சமையல்காரரும் போவது வழக்கம். அரிசி, பருப்பு, புளி, அரைத்த மிளகாய்த்தூள் ஆகியவை ஊரிலிருந்தே ஏறுகின்றன. பெருநகரக் குடும்பங்கள் பண்டிகைக்கு ஊருக்கு வந்து திரும்பும்போது கட்டைப்பையில் வெல்லமும் செக்கு எண்ணெயும் கொல்லிமலை மிளகும் எடுத்துப்போவது இதே ஏற்பாட்டின் சிறு வடிவம். கெடாத சரக்கை இப்படி நகர்த்தலாம். கீரையையும் கிழங்கையும் நகர்த்த முடியாது.

செய்யத் தக்கவை

பச்சைச் சரக்குக்கு வழி, பெருநகரத்திலேயே உழவரை வாங்குபவரோடு நேராக இணைப்பது. அதற்கு முன்னுதாரணங்கள் தமிழ்நாட்டிலேயே உண்டு. 1904இல் தொடங்கிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம், நகரத்து நுகர்வோர் ஒன்றுசேர்ந்தால் சரியான எடையில், சரியான விலையில் மளிகை பெற முடியும் என்று நூற்றாண்டுக்கு முன்பே நிறுவியது. 2013இல் கூட்டுறவுத் துறை சென்னையில் திறந்த பண்ணைப் பசுமைக் கடைகள் உற்பத்தி மாவட்டங்களில் நேரடியாகக் கொள்முதல் செய்யும் நோக்கம் கொண்டவை. சேலம், நாமக்கல் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் வாரம் ஒரு முறை பெருநகரக் குடியிருப்புகளில் சந்தை கூட்டினால், தரகுச் செலவு குறையும். மண்டியின் நீண்ட வழியில் பிழைக்காத நாட்டு வகைகளுக்கும் ஒரு சந்தை பிறக்கும்.

புதிதாகக் குடியேறிய குடும்பமும் தன் பங்குக்குச் செய்ய வேண்டியது உண்டு. ஒவ்வொரு நகரத்தைச் சுற்றியும் ஒரு விளைநிலம் இருக்கிறது. அதற்கென்று பருவமும் கீரையும் காயும் இருக்கின்றன. சென்னைக்கு அருகே திருவள்ளூர், காஞ்சிபுரம் தோட்டங்களும், பெங்களூருக்கு அருகே கோலார் தோட்டங்களும் நகரத்துக்குக் காய் அனுப்புகின்றன. அந்த நிலத்தின் சரக்கை நேராக விற்கும் இடத்தைத் தேடிப் பிடித்து, ஒரே விற்பனையாளரிடம் தொடர்ந்து வாங்கினால், முகம் தெரிந்த வியாபாரம் மீண்டும் உருவாகும். உடன் எடுத்துவர முடிந்ததைப் பையிலும், எடுத்துவர முடியாததைப் புதிய ஊரின் நிலத்திலும் தேடுவதே ஏக்கத்தையும் வீட்டுச் செலவையும் ஒருசேரக் குறைக்கும் வழி. அரசின் பொறுப்பு இதைவிடப் பெரிது. உழவரும் வாங்குபவரும் நேருக்கு நேர் நிற்கும் சந்தை சிறு நகரத்தின் உரிமையாக மட்டும் இருக்கக் கூடாது. கிராமங்களையும் சிறு நகரங்களையும் விட்டு மக்கள் குடியேறும் பெருநகரங்களுக்கே அந்தச் சந்தை இப்போது அதிகம் தேவை.